நாற்காலி கிடைத்துவிட்டது, குரல்?

முடிவெடுக்கும் கூட்டங்களில் இதுவரை இடம்பெறாதவர்களுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தரும் பணியை நமது சட்டங்கள் கடந்த முப்பது ஆண்டுகளாகச் செய்து வருகின்றன. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணேனும் இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது. அதில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் அமர வேண்டும். அங்கு பணிபுரியும் பெண்களின் விகிதத்துக்குக் குறையாமல் பெண் உறுப்பினர்கள் இருக்க வேண்டும்.

இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் ஏறத்தாழப் பத்தில் நால்வர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதை நினைவிற்கொண்டால், நம் மாநிலத்துக்கு இவை எவ்வளவு முக்கியமானவை என்பது விளங்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வங்கிக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் சென்று, நாளை அவற்றுக்குத் தலைமை ஏற்கக்கூடிய தகுதியுடன் இருக்கும் இளைஞர்களும் இங்கு ஏராளம். ஆனால், சட்டம் தரக்கூடியது நாற்காலி மட்டுமே. அதில் அமர்ந்தவர் வாய் திறந்தாரா, திறந்தபோது மற்றவர்கள் செவிமடுத்தார்களா, சொன்னது முடிவில் எதிரொலித்ததா என்பன வேறு கேள்விகள். அவற்றுக்கான விடையைப் பெரும்பாலும் தனிமனிதத் துணிச்சலில் தேடுகிறோம். ஒரு பொருளியல் ஆசிரியன் என்ற முறையில், விடையின் பெரும்பகுதி கூட்டம் நடத்தப்படும் முறையில் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பேசுவது வேறு, கேட்கப்படுவது வேறு

இதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டுக் கிராம சபைக் கூட்டங்களில் பேசப்பட்டவற்றை எழுத்தில் பதிவு செய்து, அவற்றைக் கணினி வழியாக ஆராய்ந்தனர் ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர். அவர்களது ஆய்வு 2019-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. அவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டனர். யார் பேசுகிறார்கள்? பேச்சின் பொருளை யார் தீர்மானிக்கிறார்கள்? பேசியவருக்கு அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைக்கிறதா? மூன்றிலும் பெண்கள் பின்தங்கியிருந்தனர். ஊராட்சித் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் இந்த நிலை மேம்பட்டிருந்தது.

இந்த மூன்று கேள்விகளையும் எந்த அலுவலகக் கூட்டத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். ‘எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பேச உரிமை உண்டு’ என்று சொல்லும் மேலாளர் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறார். இளநிலை அலுவலர் ஒருவர் எழுப்பிய ஐயத்துக்கு ‘பார்க்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லே விடையாக வந்தால், அவர் பேசியிருக்கிறார், ஆனால் கேட்கப்படவில்லை. அதே கருத்தைப் பத்து நிமிடம் கழித்து மூத்தவர் ஒருவர் தமது கருத்தாகச் சொல்லும்போது அவை தலையாட்டும். என்னிடம் படித்து இன்று பல நிறுவனங்களில் பணிபுரியும் மாணவ மாணவியர் சொல்லும் குறைகளில் முதலிடம் பெறுவது இதுதான்.

மௌனத்தின் பொருளியல்

மௌனமாக இருப்பவர்களைக் கோழைகள் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மௌனம் பெரும்பாலும் அறிவார்ந்த முடிவாகவே தெரியும். ஒரு திட்டத்தில் உள்ள குறையை ஊழியர் ஒருவர் சுட்டிக்காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறை களையப்பட்டால் நன்மை நிறுவனம் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்படும். மேலதிகாரியின் முகம் சுளித்தால் அந்த இழப்பு பேசியவர் ஒருவரையே சேரும். ஆண்டு மதிப்பீட்டில், இடமாற்றத்தில், பதவி உயர்வில் அது வெளிப்படும். செலவு தனியாருடையது, பயன் பொதுவுடையது. இத்தகைய பொருள் சந்தையில் போதிய அளவு உற்பத்தியாகாது என்பது பொருளியலின் பாலபாடம். தெருவிளக்கைத் தனியொருவர் போட மாட்டார். ஆகவே நகராட்சி போடுகிறது. கூட்டத்தில் சொல்லப்படும் உண்மையும் ஒரு தெருவிளக்குதான்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970-இல் எழுதிய நூலில், நிறுவனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரு வழிகள் உண்டு என்றார்: வெளியேறுவது அல்லது குரல் எழுப்புவது. நைஜீரிய ரயில்வேயை அவர் எடுத்துக்காட்டினார். சரக்கு லாரிகளின் போட்டி வந்தால் ரயில்வே தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. உரக்கக் குறை சொல்லியிருக்கக்கூடிய வாடிக்கையாளர்களே முதலில் லாரிகளுக்கு மாறிப்போனார்கள். கேட்பாரற்ற ரயில்வே மேலும் சீர்கெட்டது.

இன்றைய அலுவலகங்களுக்கு இது அப்படியே பொருந்தும். தரத்தில் அக்கறை கொண்டவர், வேறிடத்தில் வேலை தேடிக்கொள்ளும் திறமையும் கொண்டவராகவே பெரும்பாலும் இருப்பார். இருமுறை பேசிப் பயனில்லை என்றால் மூன்றாம் முறை அவர் பேசுவதில்லை. விலகல் கடிதம் தருகிறார். நிறுவனம் அவருக்குப் பிரிவுபசார விழா நடத்திவிட்டு, ‘நல்ல ஆட்கள் நிலைப்பதில்லை’ என்று அங்கலாய்க்கிறது.

கூட்டங்களுக்கு வேறொரு நோயும் உண்டு. கரோல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, குழுக்கள் தம் உறுப்பினர் அனைவரும் ஏற்கெனவே அறிந்த செய்திகளையே அதிகம் பேசுகின்றன என்று காட்டியது. ஒருவருக்கு மட்டும் தெரிந்த செய்தி மேசைக்கு வருவதே அரிது; வந்தாலும் விரைவில் மறக்கப்படும். கூட்டம் கூட்டுவதன் நோக்கமே ஒவ்வொருவரிடமும் சிதறிக் கிடக்கும் அறிவை ஒன்றுசேர்ப்பது. கிளை மேலாளருக்குத் தெரியாதது முகப்பில் அமர்ந்திருக்கும் எழுத்தருக்குத் தெரியும். பொறியாளருக்குத் தெரியாதது இயந்திரத்தை இயக்குபவருக்குத் தெரியும். அந்தத் தனி அறிவு வெளிப்படாத கூட்டம், எல்லோருக்கும் தெரிந்ததை எல்லோரும் ஒருமுறை சொல்லிக் கலையும் சடங்காகிவிடுகிறது.

முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் துறைக் கூட்டங்களிலும் பாடத்திட்டக் குழுக்களிலும் அமர்ந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். மிகச் சிறந்த கருத்துகள் கூட்டம் முடிந்தபின் தேநீர்க் கடையில்தான் வெளிப்பட்டன. அங்கே நிகழ்ச்சி நிரல் இல்லை. கூட்டக் குறிப்பும் இல்லை. ஆகவே அவற்றால் ஒரு பாடத்தாள்கூட மாறியதில்லை.

உயிர்களை விலையாகக் கேட்ட தயக்கம்

மௌனத்தின் விலை சில சமயங்களில் உயிர்களாக இருக்கும். 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்கு உரிய டெனெரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனி சூழ்ந்திருந்தது. கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் புறப்பட விரைந்தபோது, அதே ஓடுதளத்தில் பான் ஆம் நிறுவனத்தின் மற்றொரு 747 சென்றுகொண்டிருந்தது. கேஎல்எம் விமானத்தின் பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று அவர் கேட்கவும் செய்தார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சி விமானி; அருகில் இருந்த துணை விமானிக்கு இரு மாதங்களுக்கு முன் 747-ஐ இயக்கத் தகுதிச் சான்று அளித்தவரும் அவரே. பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அடுத்த சில நொடிகளில் 583 பேர் மாண்ட பெருவிபத்து நிகழ்ந்தது.

விமானத் துறை இதிலிருந்தும் இதுபோன்ற பிற விபத்துகளிலிருந்தும் கற்ற பாடம் கவனிக்கத்தக்கது. ‘இளையவர்களே, துணிச்சல் கொள்ளுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பி அது நிறுத்திக்கொள்ளவில்லை. 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கைத் தொடர்ந்து, விமானி அறைக் குழுவினர் அனைவருக்குமான கூட்டுப் பயிற்சி முறை உருவானது. ஐயத்தைக் கேள்வியாக முணுமுணுக்காமல் தெளிவான கூற்றாகச் சொல்ல இளையவருக்குப் பயிற்சி. அதைக் கேட்டு நின்று சரிபார்க்க மூத்தவருக்குப் பயிற்சி. இரண்டும் சேர்ந்ததால்தான் அது பயன் தந்தது.

1986-இல் சேலஞ்சர் விண்ணோடத்துக்கு நேர்ந்தது சற்றே வேறுபட்டது. ஏவுதலுக்கு முந்தைய நாள் மாலை நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் மோர்ட்டன் தியோகால் நிறுவனப் பொறியாளர்கள் மௌனமாக இருக்கவில்லை. கடும் குளிரில் ரப்பர் வளையங்கள் செயலிழக்கக்கூடும் என்று ரோஜர் பாய்ஸ்ஜோலி உள்ளிட்டோர் வாதிட்டனர். பாதுகாப்பானது என்று நிறுவச் சொல்வதற்குப் பதிலாக, ஆபத்தானது என்று நிறுவும் சுமை அவர்கள்மீது விழுந்தது. இறுதியில் நிறுவன மேலாளர்கள் தங்கள் பொறியாளர்களைப் புறந்தள்ளி ஒப்புதல் அளித்தனர். மறுநாள் ஏவப்பட்ட 73 நொடிகளில் விண்ணோடம் சிதறி எழுவர் உயிரிழந்தனர். பின்னர் விசாரணை ஆணையம் முந்தைய பயணங்கள் அனைத்தையும் வெப்பநிலை வாரியாக அடுக்கிப் பார்த்தது. குளிர் மிகுந்திருந்த 4 பயணங்களிலும் வளையங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. வெப்பம் கூடுதலாக இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பாதிப்பு இருந்தது. அந்த இரவுக் கூட்டத்தில் இப்படி முழுமையாக ஒப்பிடும் ஒற்றை வரைபடம் எவர் முன்னும் இருக்கவில்லை. அப்படியொன்று இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதி சொல்ல இயலாது. ஆனால் மேலாளர்களுக்கு மறுப்பது கடினமாகியிருக்கும்.

இளையோர் செய்யக்கூடியவை

இவற்றிலிருந்து, தலைமைப் பொறுப்பை நோக்கி வளரும் ஓர் இளைஞர் எடுத்துக்கொள்ளக்கூடியவை என்ன?

முதலாவது, கூட்டத்துக்கு முன்பே பேசத் தொடங்குவது. நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத பொருள், ‘இதர பொருள்கள்’ என்ற கடைசி வரியில், அனைவரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் வேளையில்தான் வரும். சொல்ல வேண்டியதை இரு நாள் முன்னதாக ஒரு பக்கத்தில் எழுதித் தலைமை வகிப்பவரிடம் தருவது, அரைமணி நேரச் சொற்பொழிவைவிட வலிமையானது. திடீரென அவையில் எதிர்கொள்ளும் மறுப்பை அவமதிப்பாகக் கருதும் மேலதிகாரிகூட, முன்கூட்டித் தனியே தரப்படும் தாளை ஆலோசனையாக ஏற்பதுண்டு.

இரண்டாவது, எண்ணுடன் செல்வது. ‘வாடிக்கையாளர்கள் அதிருப்தியில் இருக்கிறார்கள்’ என்பது கருத்து. ‘கடந்த மூன்று மாதங்களில் திரும்பி வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் ஒரே படிவத்தில் உள்ள ஒரே கட்டத்தால் வந்தவை’ என்பது செய்தி. கருத்துக்கு எதிர்க்கருத்து சொல்லிவிடலாம். செய்தியைச் சரிபார்க்கத்தான் முடியும். அதிலும் நமக்குச் சாதகமான எண்களோடு சாதகமற்றவற்றையும் சேர்த்துக் காட்டுபவரின் சொல்லுக்கே நாளடைவில் மதிப்பு கூடும்.

மூன்றாவது, துணை தேடுவது. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் நடத்திய சோதனைகள் புகழ்பெற்றவை. கண்ணுக்கு எதிரே உள்ள கோடுகளின் நீளத்தைப் பற்றி மற்றவர்கள் வேண்டுமென்றே தவறாகச் சொன்னபோது, சோதனைக்கு உள்ளானவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அந்தத் தவற்றையே தாமும் சொன்னார்கள். அக்குழுவில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் இவ்வாறு பணிந்துபோவது பெருமளவு குறைந்தது. கூட்டத்தில் ஒருவர் சொல்லும் நியாயமான கருத்தை, ‘அவர் சொன்னது முக்கியம், அதை முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம்’ என்று இன்னொருவர் வழிமொழிந்தால் போதும். கருத்து உயிர்பிழைக்கும், சொன்னவரின் பெயரும் அதனுடன் நிற்கும். இன்று நீங்கள் பிறருக்குச் செய்வதை நாளை பிறர் உங்களுக்குச் செய்வார்கள். தலைமை என்பது பதவி வருவதற்கு முன்பே இப்படித்தான் தொடங்குகிறது.

நான்காவது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பேசாதிருப்பது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி விசாரணைகளை ஆராய்ந்து டோன்யா ஜேக்கபி, டிலன் ஷ்வியர்ஸ் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, அங்குள்ள பெண் நீதிபதிகள் ஆண் நீதிபதிகளைவிட அதிகமாக இடைமறிக்கப்படுகிறார்கள் என்று காட்டியது. ‘ஒன்று கேட்கலாமா’, ‘மன்னிக்கவும்’ போன்ற முன்னுரைகளைப் பெண் நீதிபதிகள் அனுபவம் கூடக் கூடக் குறைத்துக்கொண்டார்கள் என்பதும் அதில் தெரியவந்தது. நம் அலுவலகங்களிலும் ‘சார், நான் சொல்றது தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க’ என்று தொடங்கும் வாக்கியத்தின் மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை. மரியாதை குரலின் தொனியில் இருக்கட்டும். கருத்து முதல் வாக்கியத்திலேயே வந்துவிடட்டும்.

ஐந்தாவது, பதிவு. கூட்டக் குறிப்பு எழுதும் வேலையை இளையவர்கள் சுமையாகக் கருதுகிறார்கள். நிறுவனத்தின் நினைவாற்றல் அந்தத் தாளில்தான் இருக்கிறது. நிறுவனங்கள் சட்டத்தின் 118-ஆவது பிரிவு, இயக்குநர் குழுத் தீர்மானத்துக்கு உடன்படாதவர்களின் பெயர்கள் குறிப்பில் இடம்பெற வேண்டும் என்கிறது. 149-ஆவது பிரிவின்படி, தமக்குத் தெரிந்து, தம் இசைவுடன் நடந்த தவறுகளுக்கும், உரிய அக்கறை காட்டாததால் நேர்ந்தவற்றுக்கும் தனி இயக்குநர்கள் பொறுப்பேற்க நேரும். அந்த மேசையில் மௌனம் நடுநிலை ஆகாது. சட்டத்தின் கண்ணில் அது சம்மதமாகக்கூடும்.

மேடைப் பேச்சும் மேசைப் பேச்சும்

இவ்வளவு சொல்லும்போது ஒரு கேள்வி எழலாம். பேச்சுக்கலையில் சிறந்த தமிழ்நாட்டில் பேசத் தயங்குவோர் ஏன் இத்தனை பேர்? நாம் பயிற்றுவித்தது மேடைப் பேச்சை. பள்ளி நாள் முதல் பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், இலக்கிய மன்றம் என்று வளர்கிறோம். மேடையில் இடைமறிப்பார் இல்லை. முன்பே மனப்பாடம் செய்யலாம். கைதட்டல் வாங்கினால் வெற்றி. மேசைப் பேச்சின் இலக்கணம் வேறு. இரண்டு நிமிடமே கிடைக்கும், நடுவில் கேள்வி வரும், எதிரில் இருப்பவரே நமது ஊதியத்தைத் தீர்மானிப்பவர், கைதட்டல் கிடையாது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் பரிசுகளை அள்ளிய மாணவர்கள், பணியிடக் கூட்டத்தில் வாயடைத்து அமர்ந்திருப்பதை நான் அறிவேன்.

மொழியும் ஒரு தடை. தமிழ்வழியில் பயின்று பொறியியலோ வணிகவியலோ முடித்து வேலைக்குச் செல்லும் இளைஞர், ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் கருத்தை உருவாக்கும் வேலையையும் அதை மொழிபெயர்க்கும் வேலையையும் ஒருசேரச் செய்கிறார். அவர் வாக்கியத்தை அமைத்து முடிப்பதற்குள் விவாதம் அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது. சரளமாகப் பேசுபவர் அறிவாளி என்றும் தயங்குபவர் விவரம் அறியாதவர் என்றும் அவை தீர்ப்பெழுதிவிடுகிறது. பெருநகர ஆங்கிலவழிப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் சிற்றூர்களிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் வேலையில் சேரும் நாளில் ஊதியம் ஒன்றாகவே இருக்கலாம்; பத்தாண்டுகளில் பதவியில் ஏற்படும் இடைவெளிக்கு இந்தக் கூட்ட அறைகளும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. முன்னதாக எழுதித் தருவதற்கு வாய்ப்பளிப்பதும், தேவையான இடத்தில் தமிழில் பேச இசைவதும் நிறுவனத்துக்குச் செலவு வைக்காத சீர்திருத்தங்கள்.

கேட்கும் கடமை யாருடையது?

தனிமனிதருக்குச் சொல்லும் அறிவுரைகளுக்கு எல்லை உண்டு. கதவு வெளிப்புறம் தாழிடப்பட்டிருக்கும்போது, உள்ளிருப்பவருக்குத் தட்டும் கலையைக் கற்பிப்பதால் பெரும்பயன் இல்லை. மேலே சொன்ன அமெரிக்க நீதிமன்றமும் 2021-இல் தன் நடைமுறையை மாற்றியது. வழக்கமான கேள்விகளுக்குப் பின், பணிமூப்பு வரிசையில் ஒவ்வொரு நீதிபதிக்கும் கேட்பதற்குத் தனி வாய்ப்பு என்பது விதியாயிற்று. இடைமறிக்கும் ஆய்வுகளும் அம்மாற்றத்துக்கு ஒரு காரணம் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் குறிப்பிட்டார்.

நம் நாட்டில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இந்திய ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு. முன்பு வட்டி விகிதத்தை ஆளுநரே தீர்மானித்து வந்தார். 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு ஆறு பேர் கொண்ட குழு அமைந்தது. மூவர் வங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் வெளியிலிருந்து நியமிக்கப்படுபவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் தம் வாக்குக்கான காரணத்தை எழுத வேண்டும். கூட்டம் முடிந்த 14-ஆவது நாளில் அவை அனைத்தும் பெயருடன் வெளியிடப்படும். ஆளுநரின் அறையில், ஆளுநருக்கு எதிராக வாக்களிப்பது இங்கே ஒழுங்கீனம் ஆகாது. சட்டம் எதிர்பார்க்கும் நடைமுறைகளில் ஒன்று. 2024 ஜூன் கூட்டத்தில் ரெப்போ வட்டியை 6.5 விழுக்காட்டிலேயே வைத்திருக்க நால்வர் வாக்களித்தனர்; குறைக்க வேண்டும் என்று ஜயந்த் வர்மா, அஷிமா கோயல் இருவரும் எழுதினர். 2025 பிப்ரவரியில் குழு ஒருமனதாக அதை 6.25 ஆகக் குறைத்தது. அந்த இருவர் கணித்தது சரியா, காத்திருந்தது சரியா என்பது தனி விவாதம். மாற்றுக் கருத்து பதிவில் இருந்ததால் ஒவ்வொரு கூட்டத்திலும் பெரும்பான்மை தன் காரணத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதுவே அதன் பயன்.

வெளிப்படைத்தன்மை சர்வரோக நிவாரணியும் அன்று. அமெரிக்க மைய வங்கிக் குழுவின் பேச்சுகள் வரிக்கு வரி வெளியாகும் என்பது 1993-இல் தெரியவந்தபின் உறுப்பினர்களின் நடத்தை எப்படி மாறியது என்று ஸ்டீபன் ஹான்சன், மைக்கேல் மக்மேகன், ஆந்திரேயா பிராட் ஆகியோர் ஆராய்ந்தார்கள். அனுபவம் குறைந்த உறுப்பினர்கள் கூடுதலான புள்ளிவிவரங்களுடன் தயாராகி வந்தனர். அதே வேளையில், பொதுக்கருத்தை ஒட்டியே பேசும் போக்கும் அவர்களிடம் வளர்ந்தது. ஆக, சொன்னதைப் பதிவு செய்வது போதாது; மாறுபட்டுச் சொன்னவருக்குத் தீங்கு நேராது என்ற உறுதியும் வேண்டும்.

எல்லோரும் பேசினால் வேலை எப்போது நடக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எல்லாக் குரலும் சம மதிப்புடையது என்று நான் சொல்லவில்லை. நெருக்கடி வேளையில் ஒருவர் ஆணையிட, மற்றவர்கள் நிறைவேற்றுவதே முறை. ஆனால் நம் கூட்டங்களின் நேரத்தைத் தின்பது இளையவர்களின் ஐயங்கள் அல்ல. மூத்தவர்களின் நீண்ட முன்னுரைகள். தலைமை வகிப்பவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்வது, பணியில் இளையவரிடமிருந்து பேச்சைத் தொடங்குவது, ‘இத்திட்டம் தோற்றால் எதனால் தோற்கும்’ என்று ஒவ்வொருவரையும் ஒரு வரி எழுதச் சொல்வது ஆகிய மூன்றையும் அரைமணி நேரக் கூட்டத்திலேயே செய்துவிடலாம்.

புதிய சட்டத் தொகுப்பின்கீழ் தமிழ்நாட்டு ஆலைகளில் இயங்கும் குறைதீர்க்கும் குழுக்களில் இதைத் தொடங்குவது பொருத்தமாக இருக்கும். கூட்டக் குறிப்பு தமிழில் எழுதப்பட்டு அறிவிப்புப் பலகையில் இடம்பெற வேண்டும். எழுப்பப்பட்ட ஒவ்வொரு குறைக்கும் எதிரே நிர்வாகத்தின் பதிலும் தேதியும் இருக்க வேண்டும். பெண் உறுப்பினர்களை நிர்வாகம் தேர்ந்தெடுத்து அமர்த்தாமல் பெண் தொழிலாளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அலுவலர், குழு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், கடந்த ஆறு மாதத்தில் அதில் யார் என்ன பேசினார்கள், என்ன பதில் கிடைத்தது என்று கேட்க வேண்டும். கல்லூரிகளும் பேச்சுப் போட்டியோடு நின்றுவிடாமல், மாணவர்களைக் கொண்டு உண்மையான கூட்டம் ஒன்றை நடத்தி, குறிப்பெழுதி, முடிவெடுத்துப் பழக்கலாம்.

திருக்குறளின் அமைப்பில் இதற்கொரு குறிப்பு இருக்கிறது. அவையறிதல், அவையஞ்சாமை என்ற இரு அதிகாரங்களை வள்ளுவர் அமைச்சியலின் முடிவில் வைத்தார். அவையில் பேசும் திறம் அமைச்சருக்கு உரியது. காதுக்குக் கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள்ளும் பண்பை அவர் அரசனுக்கு உரியதாக, அரசியலின் முதல் அதிகாரமான இறைமாட்சியிலேயே வைத்துவிட்டார். பொருட்பாலில் அரசன் பொறுத்துக் கேட்பது முதலில் வருகிறது. அமைச்சர் அஞ்சாது பேசுவது அதற்கு முப்பத்துநான்கு அதிகாரங்களுக்குப் பிறகுதான் வருகிறது. இன்று கூட்டங்களுக்குத் தலைமை வகிப்பவர்கள் இந்த வரிசையைக் கருத்தில் கொண்டால், நாளை அந்த இடத்துக்கு வர வேண்டியவர்கள் தேநீர்க் கடைக்குச் செல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.